பிள்ளை வீட்டில் இருக்கட்டும்: மிக்மாக் ஊர்களில் ஒரு யூலை

வெள்ளி, ஹலிஃபக்ஸ்

கோடை விடுமுறை வந்தால் ஸ்காபரோத் தமிழ்க் குடும்பங்கள் மொன்றியலுக்குப் போகும். இல்லாவிட்டால் ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் நயாகராவுக்குப் போகும். நாங்கள் கனடாவின் கிழக்குக் கரை மாகாணமான நோவா ஸ்கோஷியாவுக்கு வந்திருக்கிறோம். நான், இவர், எங்கள் மகன். அவனை இங்கே தம்பி என்றே எழுதுகிறேன், வீட்டிலும் அப்படித்தான். தம்பிக்குப் பதினொரு வயது, ஓட்டிசம். பேச்சு கொஞ்சம்தான். எங்கே தண்ணீர் ஓடினாலும் அங்கே நின்றுவிடுவான்.

இங்கே வரச் சொன்னவர் ஒரு தோழி. ரொறன்ரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருவரும் உதவியாளர்களாக வேலை செய்தோம். அவர் இந்தக் கரையின் பூர்வகுடிகளான மிக்மாக் இனத்தவர். கேப் பிரெட்டன் தீவில் உள்ள எஸ்கசோனி அவருடைய ஊர். இளைய மகனுக்கு ஓட்டிசம் என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிப் போய்விட்டார். அப்போது எங்களுக்கெல்லாம் ஆச்சரியம். பெரிய ஆஸ்பத்திரிகளும் நிபுணர்களும் இருக்கும் நகரத்தை விட்டு, பேச்சுப் பயிற்சிக்கே கார் எடுத்து ஓட வேண்டிய ஊருக்கு ஏன் போகிறார் என்று நானே கேட்டேன். "வந்து பார்" என்றார். அதற்குமேல் சொல்லவில்லை.

விமானம் ஒன்றரை மணித்தியாலம் தாமதம். அந்த ஒன்றரை மணித்தியாலத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. ஓட்டிசப் பிள்ளையோடு விமான நிலையத்தில் காத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

ஹலிஃபக்ஸில் மூடுபனி. துறைமுகம் இருக்கும் திசையைக் கை காட்டினார்கள், பார்த்தோம், பனிதான் தெரிந்தது. அறையில் சோறு போட்டோம். ரைஸ் குக்கர் இல்லாமல் பயணம் போகும் குடும்பம் எங்கள் குடும்பம் இல்லை.

சனி, ஷுபெனகடி, ட்ரூரோ

நேரே கேப் பிரெட்டனுக்குப் போகத்தான் நினைத்தோம். தோழி விடவில்லை. "முதலில் ஷுபெனகடியில் இறங்கு. அதைப் பார்க்காமல் வந்தால், நாங்கள் ஏன் உதவி கேட்கப் பயப்படுகிறோம் என்று உனக்கு விளங்காது" என்று செய்தி அனுப்பியிருந்தார்.

ஹலிஃபக்ஸிலிருந்து 102ஆம் நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆற்றைப் பார்த்த ஒரு மேடு. 1930 முதல் 1967 வரை அந்த மேட்டில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான வதிவிடப் பாடசாலை இருந்தது. அட்லாண்டிக் கரை மாகாணங்களின் மிக்மாக், வொலஸ்டக்கே பிள்ளைகளைக் கொண்டுவந்து அடைத்த இடம். தாய்மொழி பேசினால் அடி. கட்டடம் 1986இல் எரிந்துபோனது. இப்போது அங்கே ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலை நிற்கிறது. 2020இல் இந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலம் என்று அரசு அறிவித்தது. காரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்தோம். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

வதிவிடப் பாடசாலைகள் குறைந்துவந்த காலத்தில் சிறுவர் நலத்துறை அதே வேலையை வேறு பெயரில் தொடர்ந்தது. 1960களிலும் அதற்குப் பிறகும் கனடா முழுவதும் ஆயிரக்கணக்கான பூர்வகுடிப் பிள்ளைகளை வீடுகளிலிருந்து எடுத்து வெள்ளைக் குடும்பங்களுக்குத் தத்துக் கொடுத்தார்கள். அப்படியானால் வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளையின் தாய் என்ன செய்வாள்? பிள்ளை இரவில் தூங்குவதில்லை, தன்னையே அடித்துக்கொள்கிறான், என்னால் தனியே முடியவில்லை என்று ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னால், அவர்கள் அதைக் குறித்துக்கொள்வார்கள். குறித்துக்கொண்ட தாள் எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய தாயை எடுத்துக்கொண்டு போனதும் ஒரு தாள்தான்.

எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. கனடாவுக்கு வந்த தமிழருக்கு அலுவலகத்தைப் பார்த்தால் வேறு பயங்கள் உண்டு, ஆனால் "முடியவில்லை" என்று சொன்னால் பிள்ளையைப் பறிப்பார்கள் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. உதவி கேட்கும்போது நான் நன்றாகவே அழுவேன். அழுதால் வரிசையில் கொஞ்சம் முன்னுக்குப் போகலாம் என்று ஒரு தாய் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். இந்த ஊர்த் தாய்மார் அழாமல் இருக்கப் பழகியவர்கள்.

பின்னேரம் ட்ரூரோ. ஃபண்டி வளைகுடாவின் கடல் ஏற்றம் உலகிலேயே பெரியது, சில இடங்களில் 16 மீற்றர் வரை போகும். ஏற்றம் தொடங்கும்போது கடல் ஆற்றுக்குள் ஒரு அலையாக ஏறி வரும். ஆறு பின்னோக்கி ஓடும். மண்ணிறத் தண்ணீரில் ஒரு முழ உயர அலை வளைவைத் தாண்டி வந்தபோது தம்பி கைகளைப் படபடவென்று அடித்தான், குதித்தான், கத்தினான். பக்கத்தில் நின்றவர்கள் அலையை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்கள். பார்க்கட்டும். ஆறு திரும்பி ஓடும்போது குதிக்காமல் பேசாமல் நிற்பவர்களைத்தான் எனக்கு விளங்கவில்லை.

வழியில் மில்புறூக் என்ற மிக்மாக் ஊரில் குளூஸ்கப்பின் 40 அடிச் சிலை. அவர்களுடைய கதைகளில் வரும் பெரிய வீரன். இவர் படம் எடுத்தார். தம்பி காரிலிருந்து இறங்கவில்லை. அவனைப் பொறுத்தவரை இன்றைய நாள் ஆற்றோடு முடிந்துவிட்டது.

ஞாயிறு, பிக்டோ லாண்டிங்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நோர்தம்பலண்ட் நீரிணை ஓரத்தில் அறுநூறு பேரளவில் வாழும் சின்ன ஊர் பிக்டோ லாண்டிங். இந்த ஊரை இரண்டு காரணங்களுக்காக நாடு அறியும். ஒன்று, பக்கத்தில் உள்ள கடற்கழி. மிக்மாக் மக்கள் மீன் பிடித்து, மட்டி பொறுக்கி, பிள்ளைகளைக் குளிக்க விட்ட நீர். 1967இலிருந்து ஒரு காகிதக்கூழ் ஆலையின் கழிவு அதற்குள் போனது. 2020 சனவரியில்தான் நின்றது. மற்றது மொரினா பீடில் என்ற தாய்.

மொரினாவின் கதைக்கு முன்னால் ஜோர்டனின் கதை. ஜோர்டன் ரிவர் அண்டர்சன், மனிற்றோபாவின் வடக்கே நோர்வே ஹவுஸ் என்ற கிரீ இன ஊரின் பிள்ளை. 1999இல் சிக்கலான உடல் நோயோடு பிறந்தான். வினிபெக் ஆஸ்பத்திரியிலேயே வளர்ந்தான். இரண்டு வயதில் ஆஸ்பத்திரியை விட்டுப் போகலாம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். ஆனால் வெளியே அவனைப் பராமரிக்கும் செலவை யார் கொடுப்பது? ரிசேர்வைச் (பூர்வகுடிகளுக்கு ஒதுக்கிய நிலம்) சேர்ந்த பிள்ளை என்பதால் மத்திய அரசு கொடுக்கட்டும் என்றது மாகாணம். சுகாதாரம் மாகாணத்தின் வேலை என்றது மத்திய அரசு. இரண்டு வருடத்துக்கு மேல் இழுபட்டது. 2005இல் ஐந்து வயதில் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். ஒரு நாள்கூடத் தன் குடும்பத்தின் வீட்டில் இருந்ததில்லை.

2007 டிசம்பரில் கனடா நாடாளுமன்றம் ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பூர்வகுடிப் பிள்ளைக்குச் சேவை தேவைப்பட்டால், முதலில் யாரிடம் கேட்கப்பட்டதோ அந்த அரசு கொடுக்க வேண்டும், கணக்குச் சண்டையைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் ஜோர்டன் கொள்கை. எல்லாரும் கை தட்டினார்கள். அப்புறம் அதிகாரிகள் அதற்கு எவ்வளவு குறுகலாக அர்த்தம் சொல்லலாமோ அவ்வளவு குறுகலாகச் சொன்னார்கள். அதற்கென்று ஒதுக்கிய ஒரு கோடிப் பத்து லட்சம் டொலர் நிதியை யாரும் தொடவே இல்லை. ஒரு பிள்ளைகூட அவர்களின் வரையறைக்குள் பொருந்தவில்லை.

இப்போது மொரினா. அவருடைய மகன் ஜெரமிக்கு மூளையில் நீர் கட்டும் நோய், பெருமூளை வாதம், ஓட்டிசம், வளைந்த முதுகெலும்பு எல்லாம் சேர்ந்து இருந்தன. அவன் சொல்லும் கொஞ்சச் சொற்களும் தாய்க்குத்தான் விளங்கும். தன்னையே அடித்துக்கொள்ளும் நேரத்தில் அவர் பாடுவார். பாட்டுக்கு அடங்குவான். பிறந்த நாளிலிருந்து வெளியார் உதவி இல்லாமல் வீட்டிலேயே வளர்த்தார். 2010 மே மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இன்னொரு ஆள் வேண்டும். ஊர்ச் சபை இருவருக்கும் பராமரிப்பாளர்களை அனுப்பியது. மாதம் ஏறக்குறைய 8,200 டொலர். வீட்டுப் பராமரிப்புக்கென்று அந்தச் சின்ன ஊருக்கு மாதாமாதம் வரும் காசில் கிட்டத்தட்ட 80 வீதம், இந்த ஒரு வீட்டுக்கு.

ஊர்ச் சபை மத்திய அரசிடம் போனது. மாகாணத்தின் உச்ச அளவு 2,200 டொலர், அதற்கு மேல் இல்லை என்றது அரசு. ஜோர்டன் கொள்கை என்று கேட்டார்கள். அது பொருந்தாது என்றார்கள். ஏன் தெரியுமா? கொள்கை இரண்டு அரசுகளுக்கு இடையே தகராறு இருந்தால்தான் வேலை செய்யும், இங்கே இரண்டு அரசும் 2,200 என்று ஒத்துப்போகின்றன, ஆகவே தகராறு இல்லை! இதை எழுதியவர்களும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள்.

இதற்கிடையில், ரிசேர்வுக்கு வெளியே வாழும் ஒருவருக்கு அந்த உச்ச அளவைத் தாண்டியும் கொடுக்க வேண்டும் என்று 2011இல் நோவா ஸ்கோஷியா நீதிமன்றம் ஒன்று சொல்லியிருந்தது. அப்படியென்றால் ஜெரமி ரிசேர்வில் இருப்பதுதான் வித்தியாசம். ஊர்ச் சபையும் மொரினாவும் வழக்குப் போட்டார்கள். 2013 ஏப்ரல் 4ஆம் திகதி மத்திய நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு எழுதிய நீதிபதி லெனர்ட் மண்டமின், தானே அனிஷினாபே என்ற பூர்வகுடி இனத்தவர். அரசு மேல்முறையீடு செய்து 2014இல் கைவிட்டது. மொரினா 2019இல் காலமானார்.

அந்தக் குடும்பத்தின் வீட்டைத் தேடிப் போகவில்லை. அப்படிப் போவதற்கு நான் யார்? கடற்கரை வெளிச்சவீட்டுப் பக்கம் தம்பியை விட்டுவிட்டு இருந்தோம். நீரிணையில் தண்ணீர் இளஞ்சூடு. சிங்கறால் கூடுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்களோடு கதை கொடுத்தார். எங்கே இருந்து வருகிறீர்கள், என்ன விஷயமாக என்று கேட்டார். சொன்னேன். "மொரினா சட்டம் படித்தவள் இல்லை. மகனை ஒரு நிலையத்தில் விடச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். அவ்வளவுதான் நடந்தது" என்றார்.

மாட்டேன் என்று சொல்லி, அதற்கு ஆன செலவை ஒரு ஊரே சுமந்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. எண்பது வீதம் ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டு முதியவர்களுக்குக் குறையும். அறுநூறு பேர் உள்ள ஊரில் அது எல்லாருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் சங்கங்களில் ஒன்றில் இப்படி ஒரு தீர்மானம் வந்தால் கூட்டம் எப்படி முடியும் என்று இரவு இவரும் நானும் கதைத்துச் சிரித்தோம். சிரிப்பு அவ்வளவு நன்றாக வரவில்லை.

திங்கள், பொட்லொடெக் வழியாக

கார் ஓட்டம். கன்சோ அணைப்பாதை தாண்டினால் கேப் பிரெட்டன். 1955இல் கட்டியது, அதற்கு முன் படகுதான். தம்பி தண்ணீரை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும் என்பதால் ஒருமுறை போய்த் திரும்பி வந்து மறுபடியும் போனோம். சுங்கம் இல்லை, பரவாயில்லை.

நான்காம் இலக்கப் பாதையில், பிரா டோர் ஏரிக்கரையில் பொட்லொடெக். யேசுவின் பாட்டியான புனித அன்னம்மாள் மிக்மாக் மக்களின் பாதுகாவலி. அவர்களுடைய பெருந்தலைவர் மெம்பர்ட்டு 1610இல் ஞானஸ்நானம் பெற்றார். யூலை கடைசியில் இங்கே ஒரு சிறு தீவில் அன்னம்மாள் திருவிழா. நேற்றுத்தான் முடிந்திருக்கிறது. படகுகளில் மெத்தைகள், அடுப்புகள், கிழவிகள், நாய்கள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. என் அம்மம்மா வருடாவருடம் இலங்கையில் தலவில அன்னம்மாளிடம் போனவர். அங்கேயும் யூலை, ஓகஸ்டில்தான் திருவிழா. நேர்த்திக்கடன் வைத்து, வாய் பேசாத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மாரைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இங்கேயும் சக்கர நாற்காலியோடு ஒரு பெண்பிள்ளையைப் படகிலிருந்து நாலு பெடியள் தூக்கி இறக்கினார்கள். நேர்த்தியா என்று கேட்கவில்லை. அவள் கையில் சிப்ஸ் பை. திருவிழாவுக்கு வந்தவள், அவ்வளவுதான்.

செவ்வாய், எஸ்கசோனி

மிக்மாக் ஊர்களில் எஸ்கசோனிதான் பெரியது. நாலாயிரத்துக்கு மேல் சனம். ஏரியும் மலையும் பார்க்க வடிவு. ஆனால் இந்த ஊர் இவ்வளவு பெரிதானதற்கு ஒரு காரணம் வடிவானதில்லை. 1940களில் மத்திய அரசு நிர்வாகச் செலவைக் குறைக்க, சிதறி வாழ்ந்த மிக்மாக் குடும்பங்களைப் பிடித்து எஸ்கசோனியிலும் ஷுபெனகடியிலும் குவிக்கப் பார்த்தது. வீடு தருவோம், வேலை தருவோம் என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். வீட்டுத் தட்டுப்பாடு இன்றைக்கும் தீரவில்லை. தோழியின் வீட்டில் மூன்று தலைமுறை, ஒன்பது பேர்.

தோழியின் தாயை எல்லாரும் கிஜூ என்கிறார்கள். பாட்டி. நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். கிஜூ எங்களுக்கு லுஸ்கினிகன் சுட்டுத் தந்தார். வெட்டிப் பட்டர் பூசினால் எங்கள் வீட்டுத் தடித்த ரொட்டி மாதிரியே இருந்தது. தம்பி வெளியே ஒன்றும் சாப்பிடாதவன், மூன்று துண்டு சாப்பிட்டான். கிஜூவுக்கு அதற்குமேல் எங்கள் மீது எந்தச் சந்தேகமும் இல்லை.

தோழியின் மகனுக்கு ஒன்பது வயது. பையன் எங்களைப் பார்க்கவும் இல்லை, பார்க்காமல் இருக்கவும் இல்லை. கதவைத் திறந்து போய்விட்டான். நான் எழுந்துவிட்டேன். பழக்கதோஷம்: எங்கள் வீட்டில் கதவுக்கு மேலே இரண்டு பூட்டு. தோழி எழும்பவில்லை. "இப்போது என் பெரியம்மா வீட்டு முற்றத்தில் நிற்பான். பிறகு மாமா வீட்டில் நாயைப் பார்ப்பான். ஏரிப் பக்கம் திரும்பினால் யாராவது கூப்பிட்டுச் சொல்லுவார்கள்." பத்து நிமிடத்தில் தொலைபேசி வந்தது. பையன் மாமாவின் லொறிக்குள் இருக்கிறான், சாப்பாடு கொடுக்கவா? அந்தத் தெரு முழுக்க அவனுக்கு என்ன பிடிக்கும், எதற்குப் பயப்படுவான் என்று தெரிந்து வைத்திருக்கிறது. நாங்கள் ஸ்காபரோவில் இருக்கும் மாடியில் பக்கத்துக் கதவுக்காரர் எங்களுக்கு எதிராகச் சத்த முறைப்பாடு கொடுத்தவர்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் தோழி நிறுத்த விடவில்லை. "வெளியில் இருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, பூர்வகுடிகள் இப்படிப் பிள்ளைகளைக் கொடை என்று நினைப்பவர்கள் என்று எழுதுவார்கள். கிஜூ அப்படி நம்புகிறார், உண்மைதான். அவன் எங்களிடம் வந்தது ஒரு காரணத்துக்காக என்பார். நான் இரவு மூன்று மணிக்கு அவனோடு விழித்திருக்கிறவள். கொடை என்று எழுதுகிறவர்கள் மூன்று மணிக்கு வரட்டும்." கிஜூ பக்கத்தில் இருந்து கேட்டார். கோபிக்கவில்லை. மகள் சொல்வதும் சரி, தான் சொல்வதும் சரி என்ற முகம். மூன்று மணிக்குச் சில நாட்கள் எழும்புகிறவரும் அவர்தான்.

ஒன்பது பேர் உள்ள வீட்டில் சத்தம் தாங்காத பிள்ளைக்கு ஒரு அமைதியான மூலை இல்லை என்றும் தோழி சொன்னார். சொந்தக்காரர் சூழ இருப்பது பலம். அவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க வேண்டியிருப்பது வீடு கட்டித் தராதவர்களின் குறை. இரண்டையும் போட்டுக் குழப்பாதே என்றார்.

புதன், எஸ்கசோனி

காலையில் சுகாதார நிலையம். மிக்மாக் ஊர்களில் ஜோர்டன் கொள்கைக்கென்று ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். இங்கே கதைத்தவர் இந்த ஊர்ப் பெண். அவர்களுடைய வேலையின் முக்கால்வாசி தாள். ஆனால் அந்தத் தாளை நிரப்ப வீட்டுக்கே போகிறார், சமையலறை மேசையில் இருந்து எழுதுகிறார். ஷுபெனகடியைப் பார்த்த பிறகு இது ஏன் முக்கியம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "முடியவில்லை" என்ற சொல்லை முதலில் கேட்பவர் ஒரு மச்சாள் முறையானவராக இருந்தால் அது வெளியே வருகிறது.

இந்த வேலை இப்படி வந்ததற்கும் ஒரு வழக்குத்தான் காரணம். சிண்டி பிளாக்ஸ்ரொக் என்ற கிட்க்சான் இனப் பெண்ணின் தலைமையில் இயங்கும் பூர்வகுடிச் சிறுவர் அமைப்பும் முதற்குடிகள் பேரவையும் 2007இல் முறைப்பாடு செய்தன. ஒன்பது வருடம் கழித்து, 2016 சனவரியில், கனடா மனித உரிமைத் தீர்ப்பாயம் அரசு பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் பாரபட்சம் காட்டியது என்று தீர்த்தது. 2017இல் கெடுவும் விதித்தது: ஒரு பிள்ளைக்கான விண்ணப்பத்துக்கு 48 மணித்தியாலத்தில் பதில், அவசரமென்றால் 12. அதற்குப் பிறகுதான் காசு உண்மையாகவே ஓடத் தொடங்கியது. பேச்சுப் பயிற்சி, மாற்றுப் பராமரிப்பாளர், சக்கர நாற்காலி, ஹலிஃபக்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் செலவு.

ஹலிஃபக்ஸ் இங்கிருந்து நான்கு மணித்தியாலத்துக்கு மேல். ஓட்டிசம் என்று உறுதி செய்யப் போன நாள் தோழியின் மகன் ஆஸ்பத்திரி வாசலில் படுத்துவிட்டான், உள்ளே வரவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். அடுத்த தவணைக்கு மாதக்கணக்கு. கிஜூவுக்கு அந்த உறுதிப்பத்திரம் எதற்கு என்றே விளங்கவில்லை. பிள்ளையை அவருக்குத் தெரியும். பத்திரம் அரசாங்கத்துக்கு.

48 மணித்தியாலம் என்பதும் தாளில்தான். விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. 2025 பெப்ரவரியில் மத்திய அரசு விதிகளை மறுபடி இறுக்கியது. வீட்டுத் திருத்தம், ரிசேர்வுக்கு வெளியே உள்ள பள்ளிக்கூடங்களில் உதவியாளர் போன்றவற்றுக்கு இப்போது பெரும்பாலும் இல்லை என்ற பதில்தான். தோழி கேட்டிருப்பது சின்ன விஷயம். பின்பக்கத்துச் சாமான் அறையைச் சத்தம் புகாத அறையாக மாற்றித் தர வேண்டும். அது வீட்டுத் திருத்தமா, பிள்ளையின் தேவையா? ஒருங்கிணைப்பாளர் மூன்றாவது தடவையாக அதை வேறு சொற்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

பிறகு மொழி. எஸ்கசோனியில் பிள்ளைகள் மிக்மாக் மொழியிலேயே படிக்க ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. 2022 ஒக்டோபரிலிருந்து அது மாகாணத்தின் முதல் மொழி என்று சட்டமும் இருக்கிறது. தெருவில் நிறுத்தற் பலகையே அவர்கள் மொழியில். ஆனால் பேச்சுச் சோதனைகள் ஆங்கிலத்தில், ஆங்கிலம் பேசும் பிள்ளைகளை வைத்து அளவெடுத்துச் செய்தவை. பையன் கிஜூவோடு மிக்மாக்கில் கேட்பதும் சொல்வதும் எந்தப் புள்ளிக்கும் வராது. ஒரு நிபுணர், வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், ஆங்கிலம் நல்லது என்றாராம். எங்களுக்கும் அதே வசனத்தைச் சொன்னார்கள். இரண்டு மொழியால் ஓட்டிசப் பிள்ளைக்குக் கேடு இல்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகும் அந்த வசனம் ஓயவில்லை. எங்கள் வீட்டில் அப்பம்மா அதைக் காதில் போடவே இல்லை. தம்பியோடு தமிழில்தான் கதைத்தார், சண்டை பிடித்தார், தாலாட்டினார். அவனுடைய முதல் சொல் "தண்ணி". தோழி இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் சிரித்தார். வதிவிடப் பாடசாலையில் மொழிக்காக அடி வாங்கியவரின் பேரனுக்கு, மருத்துவ ஆலோசனை என்ற பெயரில் அதே மொழியை விடச் சொன்னால் கிஜூ என்ன செய்வார்? அவரும் காதில் போடவில்லை.

இந்த ஊர்க்காரரான ஆல்பர்ட் மார்ஷல், அவருடைய மனைவி மேர்டினா என்ற இரு மூத்தவர்கள் ஒரு கருத்தை உலகுக்குச் சொன்னார்கள். ஒரு கண்ணால் பூர்வகுடி அறிவின் பலத்தையும் மறு கண்ணால் மேற்கத்திய அறிவின் பலத்தையும் பார்த்து, இரண்டு கண்ணையும் சேர்த்துப் பாவிக்க வேண்டும். இப்போது பல்கலைக்கழகங்களில் எல்லாம் பேசுகிறார்கள். இங்கே ஒரு வீட்டில் அது எப்படி இருக்கிறதென்றால், பேச்சுப் பயிற்சியாளர் தந்த படப் பலகையில் கிஜூ மிக்மாக் சொற்களை ஒட்டிவைத்திருக்கிறார்.

பின்னேரம் இரண்டு பெடியளும் ஏரிக்கரையில். ஒருவன் கல் எறிந்தான், மற்றவன் வளையங்களைப் பார்த்தான். ஒரு சொல் இல்லை. ஒரு மணித்தியாலம். எங்கள் இருவருக்கும் ஒரு முழுத் தேத்தண்ணீர் சூடாகக் குடிக்கக் கிடைத்தது. பிள்ளை வளர்ப்பு நிபுணர்கள் இதற்கு என்ன பெயர் வைத்தாலும் சரி.

வியாழன், கேப் பிரெட்டனின் சிட்னி விமான நிலையம்

காத்திருக்கும்போது எழுதுகிறேன். தம்பி யன்னலில்.

வரும் வழியில் காரில் இவரும் நானும் அதிகம் கதைக்கவில்லை. கடைசியில் இவர்தான் தொடங்கினார். எங்கள் சனமும் "பிள்ளை வீட்டில் இருக்கட்டும்" என்றுதான் சொல்கிறது, கவனித்தாயா என்றார். கவனித்திருக்கிறேன். கல்யாண வீடு, சாமத்தியச் சடங்கு, கோயில் தேர் என்று எதற்கு அழைப்பு வந்தாலும் அன்பாகத்தான் சொல்வார்கள்: அவனுக்குக் கரைச்சலாக இருக்கும், வீட்டில் இருக்கட்டும், யாரையாவது பார்க்க விட்டுவிட்டு நீங்கள் வாருங்கோ. மொரினா மகனை வீட்டில் வைத்திருக்கப் போராடியது அவன் தன் சனத்துக்குள் இருக்க வேண்டும் என்று. எங்கள் பிள்ளைகளை வீட்டில் வைக்கச் சொல்வது சனத்தின் கண்ணில் படாமல் இருக்க. எங்களிடம் எந்த அரசாங்கமும் வந்து பிள்ளைகளைப் பறிக்கவில்லை. அந்த வேலையை நாங்களே செய்கிறோம்.

தோழியிடமிருந்து இப்போதுதான் செய்தி. அறை விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது. அறைக்கு இல்லை. ஆனால் காதை மூடும் கருவிக்கும் வாரத்துக்குச் சில மணித்தியாலப் பராமரிப்பாளருக்கும் சம்மதம். ஒருங்கிணைப்பாளர் மேல்முறையீடு எழுதத் தொடங்கிவிட்டாராம். மாமா அதற்குள் மரச் சட்டமும் சத்தம் தடுக்கும் பஞ்சும் வாங்கி வந்து இறக்கியிருக்கிறார். அரசு எப்போது வேண்டுமானாலும் யோசிக்கட்டும் என்றிருக்கிறார்.

அடுத்த மாதம் மச்சாளின் மகளுக்கு மார்க்கம் நகரத்தில் கல்யாணம். நாங்கள் மூன்று பேர் வருகிறோம் என்று சற்று முன் எழுதி அனுப்பினேன். பின்வரிசை மேசை வேண்டாம், மேடைக்குப் பக்கத்தில், ஒலிபெருக்கி இல்லாத பக்கமாகப் பார்த்துத் தரச் சொல்லியும் கேட்டிருக்கிறேன். தம்பி மேளம் தொடங்கினால் குதிப்பான் என்பதையும் சேர்த்தே எழுதினேன். மச்சாள் பார்த்துவிட்டார். இன்னும் பதில் வரவில்லை.